டாக்டர் படிப்பே வேணாம்னு கொத்தனார் வேலைக்குப் போனவர்... செங்கல்பட்டில் பிடித்த ஒரு கை எல்லாத்தையும் மாத்தியது! யார் இந்த பால் பிராண்ட்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் சரி, டிகிரி கடைசி செமஸ்டர் முடிஞ்சாலும் சரி, நம்ம வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி ஒண்ணுதான். அடுத்து என்ன? மேல படிக்கப் போறியா, இல்ல வேலைக்குப் போறியா?

இந்தக் கேள்வியை 1930-ல் லண்டனில் ஒரு 16 வயசுப் பையனும் எதிர்கொண்டான். அவனுக்குக் கிடைத்த வாய்ப்பு சாதாரணமானது இல்ல. டாக்டருக்குப் படி, செலவை நான் பார்த்துக்கிறேன் என்று நெருங்கிய உறவினர் ஒருவரே முன்வந்தார். அப்பாவை இழந்த பையன். இப்படி ஒரு உதவி வந்தா யாராச்சும் விடுவாங்களா?

அவன் விட்டான். டாக்டர் வேலை எனக்கு வேணாம் என்று சொல்லிட்டு, கட்டட வேலை கத்துக்கப் போயிட்டான்.

அந்தப் பையன்தான் பின்னாளில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை மூலம் மீண்டும் அசைவு கொடுத்த டாக்டர் பால் பிராண்ட். அந்த சிகிச்சைக்கான பொறி தட்டிய இடம் லண்டன் இல்ல. நம்ம செங்கல்பட்டு!

வேணாம்னு சொன்னவர் எப்படி டாக்டர் ஆனார்? நடுவுல கட்டட வேலையில் போன வருஷங்கள் வீணாப் போச்சா? விரிவாகப் பார்ப்போம்.

கொல்லிமலையில் வளர்ந்த வெள்ளைக்காரப் பையன்

பால் வில்சன் பிராண்ட் பிறந்தது 1914 ஜூலை 17-ம் தேதி. வளர்ந்தது கொல்லிமலையில். இன்றைய நாமக்கல் மாவட்டம். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். இருவரும் இங்கிலாந்தில் இருந்து வந்த மிஷனரிகள். ரோடு வசதி இல்லாத, மலேரியா வாட்டிய மலையில் குடியேறி வேலை செய்தவர்கள்.

ஜெஸ்ஸி பிராண்ட் முழுநேர டாக்டர் இல்லை. கட்டட வேலை தெரிந்தவர். இந்தியாவுக்கு வரும் முன் லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனரிகளுக்கான ஒரு வருஷ மருத்துவப் பயிற்சியை முடித்திருந்தார். அதை வச்சே மலைமக்களுக்குக் காய்ச்சல், புண், நரம்புச்சிலந்தி என எல்லாத்துக்கும் வைத்தியம் பார்த்தார். இன்னொரு பக்கம் வீடு கட்டினார், மலைப் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார்.

பாலும் தங்கை கோனியும் அந்த மலையில் மரம் ஏறி, தமிழ் பேசி வளர்ந்தார்கள். 1923-ல் பாலுக்கு 9 வயது. படிப்புக்காக ரெண்டு பிள்ளைகளையும் லண்டனில் உறவினர் வீட்டில் விட்டுட்டு அப்பாவும் அம்மாவும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள்.

அதுக்கப்புறம் பால் தன் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

1929 ஜூனில் கடும் மலேரியாவால் வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி பிராண்ட் இறந்துபோனார். செய்தி தந்தியில் லண்டனுக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது மகனுக்கு எழுதிய கடிதம் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அப்பா இறந்துட்டார் என்று தெரிந்த பிறகு, அப்பா எழுதின கடிதம் கைக்கு வருது. அப்போ பாலுக்கு 14 வயது.

டாக்டர் படிப்பை ஏன் வேண்டாம் என்றார்?

சோம்பேறித்தனமோ பயமோ மட்டும் காரணம் இல்லை. சின்ன வயசுல பார்த்த காட்சிகள்தான் காரணம்.

கொல்லிமலை வீட்டு வாசலில் அப்பா வைத்தியம் பார்க்கும்போது பால் பக்கத்தில் இருந்திருக்கிறார். சீழ் வடியும் புண்கள். காலில் இருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுக்கப்படும் நரம்புச்சிலந்திப் புழு. ரத்தம், நாற்றம், அலறல். இதெல்லாம் அந்தப் பையன் மனசுல ஒரு அருவருப்பாகவே தங்கிப்போச்சு.

அதிலும் ஒரு நாள் அவரால் மறக்க முடியாதது. தொழுநோய் பாதித்த மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிட்டு அப்பா கையுறை போட்டுக்கிட்டு அவர்கள் புண்களுக்குக் கட்டுப் போட்டார். அவர்கள் போன பிறகு அவர்கள் உட்கார்ந்த இடம் சுத்தம் செய்யப்பட்டது. அந்தப் பக்கம் விளையாடக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பான உத்தரவு. தொழுநோய் எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது.

மருத்துவம் என்றாலே பாலுக்கு இந்தக் காட்சிகள்தான் கண்முன் வரும். அப்பாவின் வாழ்க்கையில் ரெண்டு பாதி இருந்தது. ஒண்ணு வைத்தியம், இன்னொண்ணு கட்டட வேலை. மகன் ரெண்டாவது பாதியை எடுத்துக்கிட்டு முதல் பாதியை ஒதுக்கிட்டான். இந்தியாவுக்குத் திரும்பணும், ஆனா டாக்டரா இல்ல, வீடு கட்டுறவரா. இதுதான் அவர் போட்ட திட்டம்.

செங்கல், மரம், சிமெண்ட்

ஸ்கூலை முடித்ததும் பால் கட்டடத் தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்தார். நாலைந்து வருஷம் அதே வேலை. மரத்தை இழைக்கிறது, செங்கல் அடுக்குறது, கல் செதுக்குறது, குழாய் பொருத்துறது என ஒவ்வொன்றாகக் கத்துக்கிட்டார்.

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்கள் பக்கம் போனவங்களுக்கு ஒண்ணு தெரியும். உளியை எந்தக் கோணத்தில் பிடிக்கணும், எவ்வளவு அழுத்தம் கொடுக்கணும் என்பதைப் புத்தகத்தைப் படிச்சுக் கத்துக்க முடியாது. கைதான் கத்துக்கணும். ஒரு அடி தப்பா விழுந்தா கல் போச்சு. பால் பிராண்டுக்கும் அந்த வருஷங்களில் கிடைத்தது இதே மாதிரி ஒரு கைப்படிப்புதான்.

அந்த நேரத்தில் வெளியே இருந்து பார்த்தவங்க என்ன நினைத்திருப்பாங்க? ஃபீஸ் கட்ட ஆள் இருந்தும் டாக்டர் படிப்பை விட்டுட்டு சிமெண்ட் குழைக்கிறான்! நம்ம ஊர் பாஷையில் சொன்னா, வந்த வாய்ப்பை எட்டி உதைத்தவன்.

முடிவை மாற்றிய ஒரு இரவு

இந்தியாவுக்குப் போகும் முன்னாடி கொஞ்சம் அடிப்படை வைத்தியமாச்சும் தெரிஞ்சிருக்கணும் என்று, அப்பா படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில் அதே ஒரு வருஷப் பயிற்சியில் பால் சேர்ந்தார். டாக்டர் ஆகும் எண்ணம் அப்பவும் இல்லை. முதலுதவி தெரிஞ்சா போதும் என்பதுதான் கணக்கு.

பயிற்சிக்காகப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. ஒரு ராத்திரி விபத்தில் சிக்கிய இளம்பெண் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். ரத்தம் ஏகமாகப் போய்விட்டதால் முகம் வெளுத்து, மூச்சு இருக்கா இல்லையா என்றே தெரியாத நிலை. ரத்தம் ஏற்றும் பாட்டிலை மாட்டிட்டு நர்ஸ்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். பக்கத்தில் நின்றது பால் மட்டும்தான்.

சொட்டுச் சொட்டாக ரத்தம் இறங்குது. பால் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். ஒண்ணும் தெரியல. கொஞ்ச நேரத்தில் லேசாக ஒரு துடிப்பு. அப்புறம் கன்னத்தில் நிறம் திரும்புது. உதடு சிவக்குது. கடைசியில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்கிறார்.

இறந்துட்டதாகவே நினைத்த ஒருவர் கண்முன்னாடி எழுந்து வந்த மாதிரி இருந்தது பாலுக்கு. ரத்தம் என்றாலே அருவருப்பு என்று இருந்தவர், அதே ரத்தம் ஒரு உயிரைத் திருப்பிக் கொண்டு வந்ததைப் பார்த்துட்டார். அதுவரை நோயையும் புண்ணையும் மட்டுமே மருத்துவம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். குணமாகிற பக்கத்தை அன்னைக்குத்தான் முதன்முதலா முழுசா பார்த்தார்.

இங்கே ஒண்ணைக் கவனிக்கணும். யாரும் அவருக்கு அட்வைஸ் பண்ணல. வேலை நடக்கிற இடத்தில் நேரில் நின்றதால் மனசு மாறியது.

மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர்

கூடப் படித்தவர்கள் வாழ்க்கையில் செட்டில் ஆகிற வயசில், 1937 வாக்கில், பால் பிராண்ட் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். முன்னாடி வேணாம்னு சொன்ன அதே படிப்பு.

ரெண்டு வருஷத்தில் இரண்டாம் உலகப் போர் வந்தது. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட மாதங்களில் காயம்பட்டவர்கள் ஆஸ்பத்திரிகளில் வந்து குவிந்தார்கள். அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் பால் அறுவை சிகிச்சை கத்துக்கிட்டார். கிழிந்த கைகளும் நொறுங்கிய விரல்களும் அவருக்குப் பாடம் ஆச்சு.

கூடப் படித்த மார்கரெட் பெரியை 1943-ல் திருமணம் செய்தார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயால் பாதிக்கப்படும் கண்களுக்கான மருத்துவத்தில் பெயர் வாங்கினார்.

எம்.பி.பி.எஸ். முடிச்சதோடு பால் நிறுத்தல. அறுவை சிகிச்சையில் எஃப்.ஆர்.சி.எஸ். தகுதியும் வாங்கினார். அந்த நேரத்தில் வேலூரில் இருந்து அழைப்பு வந்தது. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு அவசரமா ஒரு சர்ஜன் தேவை. மாணவர்களுக்குப் பாடமும் எடுக்கணும். முதலில் பேசியது ஒரு வருஷ ஒப்பந்தம்தான். 1946 கடைசியில் பால் பிராண்ட் இந்தியா வந்து சேர்ந்தார். வயது 32.

ஒரு வருஷத்துக்குன்னு வந்தவர் கிட்டத்தட்ட 20 வருஷம் இருந்தார். அதுக்குக் காரணம் செங்கல்பட்டு.

செங்கல்பட்டில் என்ன நடந்தது?

பால் பிராண்டை இந்தியாவுக்குக் கூப்பிட்டவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் மருத்துவத்தில் அன்று உலகம் அறிந்த பெயர். செங்கல்பட்டு திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் பொறுப்பு அவரிடம் இருந்தது. தொழுநோய்க்கு சல்ஃபோன் மருந்துகளை இந்தியாவில் பயன்படுத்திப் பார்த்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

1947-ல் பால் பிராண்ட் அந்த மருத்துவமனையைப் பார்க்க வந்தார். சுற்றிக் காட்டினார் காக்ரேன். தோலில் வரும் தேமல்கள், தடிப்புகள் பற்றி விளக்கிக்கொண்டே போனார், அவர் தோல் நிபுணர் என்பதால். ஆனால் பிராண்டின் கண் போனது நோயாளிகளின் கைகள் மேல். வணக்கம் சொல்ல எழும் கைகளில் விரல்கள் மடங்கி, கொக்கி போல வளைந்திருந்தன. சில கைகளில் விரல்களே இல்லை.

இந்தக் கைகளுக்கு என்ன சிகிச்சை தர்றீங்க என்று பிராண்ட் கேட்டார். காக்ரேனிடம் பதில் இல்லை. எலும்பு மூட்டு சர்ஜன் நீங்கதான், நீங்கதான் சொல்லணும் என்கிற மாதிரி கேள்வியைத் திருப்பிவிட்டார். போலியோவால் கை கால் முடங்கியவர்களுக்கு சர்ஜன்கள் இருந்தார்கள். தொழுநோயால் முடங்கியவர்கள் பக்கம் எந்த எலும்பு மூட்டு சர்ஜனும் திரும்பிப் பார்க்கவே இல்லை என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது.

அப்போதான் அந்தச் சம்பவம். ஒரு இளைஞர் தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தார். வார் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பிராண்ட் அவர் பக்கத்தில் போய், தன் கையை அவர் கைக்குள் வைத்து, முடிஞ்ச வரைக்கும் அழுத்தச் சொன்னார். பலவீனமா ஒரு பிடி இருக்கும் என்று எதிர்பார்த்தார்.

அந்தப் பிடியில் பிராண்டுக்கு வலி உயிர் போச்சு!

விரல் நகங்கள் அவர் கையில் பதிந்தன. அவ்வளவு பலம். அந்த இளைஞருக்கோ தான் இவ்வளவு அழுத்துறோம் என்பதே தெரியல. ஏன்னா அவர் கையில் உணர்ச்சி இல்லை.

கையில் வலி எடுத்தாலும் பிராண்டுக்கு மனசுக்குள் ஒரே சந்தோஷம். முடங்கிப்போச்சு என்று எல்லாரும் கைவிட்ட கையில் இவ்வளவு பலம் மிச்சம் இருக்குன்னா, எல்லாத் தசைகளும் சாகலைன்னு அர்த்தம். நல்ல தசைகள் உள்ளே இருக்கு. அவற்றை வேறு வேலைக்கு மாத்தி விட முடிஞ்சா?

நள்ளிரவில் ஒரு பரிசோதனை

ஒரு கையை வச்சு முடிவுக்கு வர முடியாது. பிராண்டும் குழுவினரும் ஏராளமான நோயாளிகளின் கைகளை ஒவ்வொரு விரலாகச் சோதித்துக் குறித்தார்கள். ஒரு ஒழுங்கு தெரிந்தது. பல கைகளில் சேதம் ஒரே மாதிரி இருந்தது. உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகள் செயல் இழக்கும். முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் பெரும்பாலும் நல்லா இருக்கும்.

ஏன் இப்படி? விடை தெரியணும்னா நரம்புகளைத் திறந்து பார்க்கணும். அதுக்கான வாய்ப்பும் செங்கல்பட்டிலேயே கிடைத்தது. திருமணி மருத்துவமனையில் ஒரு நோயாளி இறந்துவிட, வேலூரில் இருந்து பிராண்ட் கிளம்பி வந்தார். இறுதிச் சடங்குக்கு முன் வேலையை முடிக்கணும் என்பதால் ராத்திரியோடு ராத்திரியாகப் பரிசோதனை நடந்தது. கை கால்களில் நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரித்துப் பார்த்தார்கள்.

கண்ணுக்குத் தெரிந்த உண்மை இதுதான். நரம்பு எல்லா இடத்திலும் கெட்டுப்போகல. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் பக்கம், அதாவது தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் நரம்பு ஓடும் இடங்களில் மட்டும் வீங்கி இருந்தது. உடம்பில் சூடு குறைவான இடங்களைத்தான் தொழுநோய்க் கிருமி விரும்பும் என்ற புரிதலோடு இது பொருந்திப் போனது. அந்த வீக்கத்துக்கு மேலேயே நரம்புக் கிளை பிரிந்து போகும் தசைகள் தப்பித்துக்கொள்ளும். கீழே இருக்கும் தசைகள் முடங்கும்.

நல்ல தசை எது என்று முன்கூட்டியே சொல்ல முடியுது. சிகிச்சைக்கு வழி திறந்தாச்சு.

உள்ளே இருந்த கொத்தனார் வெளியே வந்தார்

1948-ல் வேலூரில் அறுவை சிகிச்சைகள் தொடங்கின. முறையை எளிமையாகச் சொன்னால் இப்படி: நல்ல நிலையில் உள்ள தசையின் தசைநாணைப் பிரித்து எடுத்து, புது வழியில் கொண்டு போய், முடங்கிய விரலில் தைப்பது. அதுக்கப்புறம் மாதக்கணக்கில் உடற்பயிற்சி. பழைய தசைக்குப் புது வேலை என்று மூளை பழகணும்.

இதில் கணக்கு முக்கியம். தசைநாண் எந்தக் கோணத்தில் இழுக்கணும், எவ்வளவு இறுக்கமா இருக்கணும், எந்த மூட்டில் சுமை விழும்? கொஞ்சம் தளர்ந்தா விரல் நிமிராது, கொஞ்சம் இறுகினா மடங்காது. மரத்தையும் கல்லையும் பல வருஷம் கையாண்டவருக்கு இந்த மாதிரி யோசனை புதுசு இல்ல. தச்சு வேலையும் கட்டட வேலையும் தனக்கு சர்ஜரியில் எவ்வளவு கைகொடுத்தன என்பதை அவர் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1985-ல் அவர் எழுதி வந்த கை மருத்துவப் பாடநூலின் பெயரே கிளினிக்கல் மெக்கானிக்ஸ் ஆஃப் தி ஹேண்ட். கையை ஒரு இயந்திரமாகப் பார்த்த புத்தகம்.

ஆனா சிகிச்சை சக்சஸ் ஆனதும் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. குணமான சிலர் திரும்பி வந்து பிராண்டிடமே குறை சொன்னார்கள். கை நல்லா ஆயிடுச்சு, ஆனா இந்தக் கையை நீட்டினா யாரும் பிச்சை போட மாட்டேங்குறாங்க! தொழுநோயாளி என்பதால் வேலையும் தர மாட்டாங்க, வாடகைக்கு வீடும் தர மாட்டாங்க. அப்போ நல்ல கையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

கையைச் சரிபண்ணினா மட்டும் போதாது, பிழைக்க ஒரு தொழிலும் வேணும் என்று பிராண்டுக்குப் புரிந்தது. வேலூரில் நவஜீவ நிலையம் ஆரம்பமானது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் அங்கேயே தங்கி வேலை கத்துக்கிட்டார்கள். என்ன வேலை? மரப் பொம்மை செய்வது, தச்சு வேலை. சொல்லிக் கொடுத்தவர்? வேற யாரு, லண்டனில் தச்சு வேலை கத்துக்கிட்ட டாக்டரேதான்.

எலியும் பூனையும்

அந்தப் பட்டறையில்தான் அடுத்த பெரிய உண்மை வெளிவந்தது. தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுந்துடும் என்று அன்னைக்கு டாக்டர்களே நம்பினார்கள். பிராண்டுக்குச் சந்தேகம். பூட்டைத் திறக்க அவரே தடுமாறியபோது, ஒரு பையன் வந்து துருப்பிடித்த சாவியை ஒரே திருகில் திருகினான். பார்த்தா விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்து ரத்தம் கொட்டுது. பையனுக்குத் தெரியவே இல்ல.

அன்றிலிருந்து ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேட ஆரம்பித்தார்கள். சூடான பாத்திரம், சுத்தியல் பிடி, செருப்பில் நீட்டிய ஆணி என்று ஒவ்வொண்ணா மாட்டியது. ஆனா ராத்திரி தூங்கி எழும்போது விரலில் துண்டு காணாமல் போவது மட்டும் புரியல. விழித்திருந்து கண்காணித்தபோது தெரிந்தது, எலி! தூங்கும்போது எலி கடித்தாலும் வலி இல்லாததால் யாரும் எழுந்திருக்கல. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பி வைப்பது வழக்கமாச்சு.

ஆக, விரல்களை நோய் நேரடியாகத் தின்னல. வலி இல்லாததால் வரும் காயங்கள்தான் தின்றன. காயத்தைத் தடுத்தால் விரலைக் காப்பாத்தலாம்.

இந்தப் புரிதலில் இருந்து வந்ததுதான் பாதத்தைக் காக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு. நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேள்விப்பட்டிருப்பீங்க. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இன்னைக்கு அதைத்தான் டாக்டர்கள் சொல்றாங்க.

பயம் அவரையும் விடல

தொழுநோய் பயம் பிராண்டை முழுசா விட்டுப் போகல. ஒரு தடவை நீண்ட பயணம் முடிந்து காய்ச்சலோடு லண்டன் வந்து சேர்ந்தார். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாத மாதிரி தோணுச்சு. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கல. தனக்கும் நோய் வந்துட்டதா? மனைவி, பிள்ளைகள், வேலை என எல்லாத்தையும் நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்கல.

காலையில் மறுபடியும் குத்தினார். சுரீர் என்று வலித்தது! காய்ச்சலோடு நெடுநேரம் ரயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் கால் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். வலி என்பது எவ்வளவு பெரிய வரம் என்று தன் வாழ்நாள் முழுக்க அவர் பேசவும் எழுதவும் செய்ததில் அந்த ராத்திரிக்கும் பங்கு உண்டு.

பிறகு என்ன ஆனார்?

1960-ல் லாஸ்கர் விருது, 1961-ல் பிரிட்டன் அரசின் சி.பி.இ. கௌரவம். 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலம் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரிலும் செங்கல்பட்டிலும் கத்துக்கிட்டதை அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கும் பயன்படுத்தினார். பல கால்கள் வெட்டப்படாமல் தப்பின. 2003 ஜூலை 8-ம் தேதி சியாட்டிலில் காலமானார்.

அம்மா ஈவ்லின்? ஓய்வு வயது வந்ததும் மிஷன் பொறுப்பில் இருந்து விலகி, தனியா மறுபடியும் மலை ஏறியவர். 1974-ல் 95 வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பிராண்ட் கைபிடித்த அந்த செங்கல்பட்டு மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு ஏற்றது. திருமணியில் இருக்கும் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் அதுதான். மாமல்லபுரம் கடற்கரையில் இருந்து செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். அந்தப் பக்கம் அடிக்கடி போறவங்களில்கூட பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது.

ஒரு முக்கியமான தகவல்: தொழுநோய் இன்று முழுமையாகக் குணமாகும். கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். உணர்ச்சி இல்லாத தேமல் தெரிந்தால் தள்ளிப் போடாமல் காட்டிடுங்க.

மேல படிக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு...

பால் பிராண்ட் கதையைக் கேட்டுட்டு எல்லாரும் சீட்டை விட்டுட்டு சித்தாள் வேலைக்குப் போங்கன்னு சொல்ல வரல. அவருக்குச் சில வசதிகள் இருந்தன. படிக்க வைக்க ஆள் இருந்தாங்க. அவர் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் காத்திருக்கல. நம்மில் நிறைய பேருக்கு அப்படி இல்ல. ஒரு வருஷம் தள்ளிப்போனாலே தங்கச்சி படிப்பு, வீட்டுக் கடன் என்று கணக்கு மாறும்.

ஆனா அவர் வாழ்க்கையில் மூணு விஷயம் யாருக்கும் பொருந்தும்.

ஒண்ணு, வேணாம்னு சொல்லும்போது அது படிப்பு மேல இருக்கிற வெறுப்பா, இல்ல சின்ன வயசில் பார்த்த ஒரு காட்சி மேல இருக்கிற பயமா என்று பிரிச்சுப் பார்க்கணும். பிராண்டுக்கு அது தெரிய பல வருஷம் ஆச்சு.

ரெண்டு, முடிவு எடுக்கும் முன் அந்த வேலை நடக்கிற இடத்தில் கொஞ்ச நாள் நின்னு பார்க்கணும். வக்கீலாகணுமா, கோர்ட்டுக்குப் போய் ஒரு நாள் உட்காருங்க. டீச்சராகணுமா, ஒரு டியூஷன் எடுத்துப் பாருங்க. பல வருஷ யோசனை செய்யாததை பிராண்டுக்கு ஒரு நைட் டூட்டி செஞ்சது.

மூணு, லேட் ஆயிடுச்சு என்று கதவைச் சாத்த வேண்டாம். நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. பல மேற்படிப்புகளில் வேலை அனுபவத்தோடு வருபவர்களுக்கும் இடம் இருக்கு.

நடுவில் செய்த வேலை வீண்தானா என்ற கேள்விக்கு நவஜீவ நிலையத்துப் பட்டறைதான் பதில். 16 வயசிலேயே நேரா மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தால் பால் பிராண்ட் நல்ல சர்ஜன் ஆகியிருக்கலாம். ஆனா கை குணமாகி, பிழைக்க வழி தெரியாமல் நின்றவர்களுக்கு இழைப்புளியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க அந்த சர்ஜனுக்குத் தெரிந்திருக்காது.